வன்னியில் வெப்சைட் நடத்துகிறீர்களா, முதலில் எழுத்தைப் பாருங்கள்

ஒட்டுசுட்டான் பக்கம் தேன் விற்கிற ஒருவர் போனை நீட்டி, "தம்பி, இதுக்கு நல்ல காசு குடுத்துச் செய்விச்சனான், கூகுளில தட்டினா வருதில்லை" என்றார். திறந்து பார்த்தேன். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. மேலே பெரிய போஸ்டர், அதில் 'சுத்தமான காட்டுத் தேன்', போத்தல் விலை, ஊர், போன் நம்பர் எல்லாம் இருக்கிறது, ஆனால் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு சொல்லைக்கூடப் பிரித்து எடுக்க முடியவில்லை, முழுக்க ஒரே படம். கீழே இரண்டு பந்தி எழுத்து இருந்தது. அதைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் போட்டேன், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுந்தது. பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது.

எங்கள் பக்கம் அச்சகங்களும் ரைப்பிங் கடைகளும் வருசக்கணக்காகப் பாமினியில் பழகியவை, அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை, நோட்டீஸ் அடிக்க அது போதும். இணையத்துக்குத்தான் ஆகாது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் உண்மையில் கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துருதான் அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. கூகுள் எழுத்துருவைப் பார்த்து வாசிப்பதில்லை, உள்ளே கிடப்பதைத்தான் வாசிக்கும். ரொறன்ரோவில் இருந்து 'ஒட்டுசுட்டான் தேன்' என்று தேடுகிற ஆளுக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரு எழுத்துக்கூடப் பொருந்தாது.

உங்கள் தளத்தில் இருந்து ஒரு வரியை எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட், அதாவது எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்து முறை, பிரச்சினை இல்லை. எழுத்தையே எடுக்க முடியாவிட்டால் அது படம், திரும்ப அடிக்கத்தான் வேண்டும். குப்பையாக வந்தால் பாமினியை யூனிகோடாக மாற்றுகிற இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, அதில் போட்டு எடுங்கள். எடுத்த பிறகு ஒருதரம் முழுவதையும் வாசியுங்கள், கட்டாயம். 'கௌரி' என்பதில் 'கௌ' ஒரே உயிர்மெய். அதையே 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டாலும் கண்ணுக்கு அப்படியேதான் தெரியும், கணினிக்கு அது வேறு சொல். கடைப் பெயரே கௌரி என்றால் எவ்வளவு நட்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது ஊர்ப்பெயர். இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த சனமும் போனில் ஆங்கில எழுத்தில்தான் தேடும், புலம்பெயர்ந்த பிள்ளைகள் முழுக்க அப்படித்தான். கிளிநொச்சியை ஆங்கிலத்தில் எழுதும்போது 'சி ஹெச்' ஒருதரம் போடுகிறவர் இருக்கிறார், இரண்டுதரம் போடுகிறவர் இருக்கிறார். முல்லைத்தீவுக்கு ஒருவர் வெறும் 'ரி', இன்னொருவர் 'ரி ஹெச்'. வற்றாப்பளையை எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணினால் கை விரல் போதாது. சில வித்தியாசங்களைக் கூகுளே ஊகித்துக்கொள்ளும், சின்ன ஊர்களுக்கு அதை நம்பி இருக்க முடியாது. அதனால் முகவரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், எங்களைப் பற்றி என்ற பக்கத்தில் சனம் எழுதுகிற மற்ற எழுத்துக்கூட்டலையும் இயல்பாக ஒரு வரியில் கொண்டுவாருங்கள். ஒரே சொல்லை முப்பது தரம் அடுக்கி வைக்க வேண்டாம், அப்படிச் சொற்களைத் திணிப்பதைக் கூகுள் குற்றமாகவே எடுக்கும். பக்கத்தின் தலைப்பையும் பாருங்கள். 'முகப்பு' என்று மட்டும் இருக்கிற தளங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். 'காட்டுத் தேன், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு' என்று என்ன பொருள், எந்த ஊர் என்பதை அங்கேயே எழுதுங்கள்.

சனம் உண்மையில் எதைத் தட்டி வருகிறது என்று தெரிய வேண்டுமென்றால் கூகுள் சேர்ச் கொன்சோலில் தளத்தைச் சேர்த்துவிடுங்கள். காசு இல்லை. 16 மாதத் தரவு வரைக்கும் காட்டும். நீங்கள் தேன் என்று எழுதி வைத்திருப்பீர்கள், ஆட்கள் பனங்கட்டி தேடி வந்து வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள், அந்தப் பட்டியலைப் பார்த்தால் அடுத்து எந்தப் பக்கத்தை எழுதுவது என்று விளங்கும்.

கடை வைத்திருந்தால் கூகுள் வரைபடத்தில் பதியுங்கள். எங்கள் ஊர் முகவரி 'சந்தியால் திரும்பி, வாய்க்கால் தாண்டி, இரண்டாவது ஒழுங்கை' என்றுதான் இருக்கும், அதை வைத்து வெளியூர்க்காரன் வந்து சேரமாட்டான், வரைபடத்தில் இடத்தைக் காட்டுகிற முள் சரியான படலையில் குத்தியிருக்க வேண்டும். கடை உங்களுடையதுதான் என்று காட்ட வீடியோ கேட்பார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுங்கள்: முதலில் றோட்டு, பிறகு பெயர்ப்பலகை, பிறகு பூட்டைத் திறந்து உள்ளே போவது. பெயர்ப்பலகை இல்லாவிட்டால் அதைப் போட்ட பிறகு எடுங்கள்.

ஆனால் வரைபடப் பதிவையும் பேஸ்புக் பக்கத்தையும் மட்டும் நம்பி நிற்காதீர்கள். வரைபடப் பதிவோடு கூகுள் இலவசமாகக் கொடுத்த சின்ன வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் அவர்களே மூடிவிட்டார்கள். சொந்த டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், வேண்டும், அதுவும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில். நான் இதில் அடிபட்டவன். செய்து தந்த பெடியன் தன் கணக்கில் பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட்டான், புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவனுடைய பழைய மின்னஞ்சலுக்குப் போனது, எனக்குத் தெரிய வரும்போது பெயர் வேறு யாரோ கையில். நாலு வருசம் எழுதிய பக்கங்களின் முகவரி அது. இப்போது யாருக்குச் செய்து கொடுத்தாலும் முதலில் அவரையே பக்கத்தில் இருத்தி, அவர் போனில் கணக்குத் திறந்த பிறகுதான் மற்ற வேலை.

வேகத்துக்கு அதிகம் மினக்கெடத் தேவையில்லை. போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒன்றே நாலைந்து எம்.பி., சிக்னல் குறைந்த இடத்தில் அது இறங்குவதற்குள் ஆள் போய்விடும். சுருக்கி வெப்பி (WebP) என்கிற பட வடிவத்தில் 200 கே.பி.க்குள் கொண்டுவாருங்கள். முக்கியமான பகுதி இரண்டரை செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் கணக்கு. தமிழ் எழுத்துரு இன்றைய போன்களில் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக ஏற்ற வேண்டாம்.

மற்றத் தளங்களில் இருந்து உங்கள் தளத்துக்கு 'ஆயிரம் இணைப்பு (லிங்க்) தருகிறோம்' என்று வருகிற மின்னஞ்சலுக்குக் காசு கட்டாதீர்கள். கூகுளின் விதிக்கு அது மாறானது. எங்களுக்கு உண்மையான இணைப்புகள் இருக்கின்றன: பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற ஊர் ஒன்றியம், கோயில் தளம். கோயில் அன்னதானத்துக்கு நீங்கள் கொடுத்த அரிசியைப் பற்றி அவர்கள் எழுதினால் உங்கள் தளத்தையும் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை.

வைகாசியில் வருகிற வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வான் விடுகிறவர்கள், அறை கொடுக்கிறவர்கள் வருசா வருசம் புதுப் பக்கம் திறப்பதைப் பார்க்கிறேன். வேண்டாம். ஒரே பக்கம், அதன் இணைய முகவரியில் வருசம் போடாமல் வைத்திருங்கள், வைகாசிக்கு இரண்டு மாதம் முன்னே திகதியையும் விலையையும் மட்டும் மாற்றுங்கள், போன வருசம் கிடைத்த இணைப்பெல்லாம் அதோடேயே நிற்கும். பங்குனியில் இருந்து எழுதத் தொடங்கினால் சரி.