தீம் பார்க் பயணச் செலவு: குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்தோடு தீம் பார்க் செல்லத் திட்டமிடுவோர் பலரும் நுழைவுச்சீட்டின் விலையை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, கணக்கு அத்துடன் முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன. போக்குவரத்து, தங்குமிடம், வாகன நிறுத்தக் கட்டணம், உணவு ஆகிய அனைத்தையும் சேர்த்து, வீட்டார் எல்லோருக்கும் ஆகும் மொத்தத் தொகையை எழுதிப் பார்த்த பிறகே எது மலிவு என்று சொல்ல முடியும்.

பல நாள் சீட்டில் ஒரு நாளைக்கான விலை குறைந்துகொண்டே போகும் என்பது உண்மைதான். ஆனால் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளும் அறை வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் உடன் கொண்டுவருகிறது. இரண்டே நாளில் பார்த்து முடிக்கக்கூடிய இடத்திற்கு, சலுகையாகத் தெரிகிறது என்பதற்காக நான்கு நாள் சீட்டு வாங்குவது சேமிப்பு ஆகாது. ஆண்டுச் சீட்டுக்கும் இதே கணக்குத்தான்: அதன் விலையை ஒரு நாள் சீட்டின் விலையால் வகுத்தால் எத்தனை முறை சென்றால் முதல் திரும்பும் என்பது தெரிந்துவிடும். அத்தனை முறை செல்வோம் என்று உறுதியாகத் தெரியாதவர்கள் அதை வாங்காமல் இருப்பதே நல்லது. விலை குறைந்த ஆண்டுச் சீட்டுகள் பல, பள்ளி விடுமுறை நாட்களில் செல்லுபடியாவதில்லை என்பதையும் வாங்கும் முன்பே படித்தறிய வேண்டும். வாகன நிறுத்தக் கட்டணம் உள்ளடங்கிய உயர்வகை ஆண்டுச் சீட்டு, ஒரே வாகனத்தில் செல்லும் குடும்பத்தில் ஒருவரிடம் இருந்தாலே அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்தப் பெரும்பாலும் போதுமானது.

அடுத்தது தேதி. புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 2018 அக்டோபரிலிருந்து செல்லும் நாளைப் பொறுத்து விலை நிர்ணயிக்கிறது. டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டும் பின்னர் இம்முறைக்கு வந்தது. கூட்டம் மிகுந்த நாளில் சீட்டும் விலை கூடுதல், வரிசையும் நீளம். அந்த நீளத்தைத் தாங்க முடியாமல் விரைவு வரிசைக்கும் தனியே பணம் கட்ட நேரிடுகிறது.

குழந்தைகளின் வயதைக் கவனிக்காமல் விடுவதும் வீண்செலவுதான். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 3 வயது நிறையாத குழந்தைக்குச் சீட்டே வேண்டியதில்லை. 10 வயதில் பெரியவர் கட்டணம் தொடங்குகிறது. டோக்கியோவிலோ 4 முதல் 11 வயது வரை குழந்தைக் கட்டணம்தான். ஆகவே பிறந்தநாளுக்கு முன்பே சென்று வருவது சில குடும்பங்களுக்குக் கணிசமான மிச்சத்தைத் தரும். வயதைப் போலவே உயரத்தையும் பார்க்க வேண்டும். வேகமான சவாரிகள் பலவற்றுக்கு 102 செ.மீ. அல்லது 122 செ.மீ. உயரம் தேவைப்படுவதால், பிள்ளை ஏற முடியாத சவாரிகள் நிறைந்த பூங்காவுக்கு முழுக் கட்டணம் செலுத்துவது பொருளற்றது. சிறு பிள்ளையைப் பெற்றோர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, மீண்டும் வரிசையில் நிற்காமல் சவாரி செய்யும் வசதி பல பூங்காக்களில் இலவசமாகவே இருக்கிறது. பலர் அதைக் கேட்பதே இல்லை.

பிறர் பயன்படுத்திய பல நாள் சீட்டின் மீதியை மலிவாக வாங்குவதை அறவே தவிர்க்க வேண்டும். அவை பொதுவாக மற்றவருக்கு மாற்றத்தக்கவை அல்ல. நுழைவாயிலில் மறுக்கப்பட்டால், அங்கேயே அன்றைய முழு விலையைக் கொடுத்து வேறு சீட்டு வாங்க வேண்டியிருக்கும்.