சிதறிக் கிடக்கும் எக்செல் மேக்ரோக்களை ஒரே ஃபைலில் சேர்ப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்து ரப்பர் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பால் கணக்கு, எடைக் கணக்கு, வெட்டுக்கூலி என மூன்று எக்செல் ஃபைல், மூன்றிலும் தனித்தனி மேக்ரோ (ஒரு வேலையைத் தானாகச் செய்ய எக்செல்லில் வைக்கும் கட்டளைகள்). பால் கணக்கில் உள்ளது, ரப்பர் பாலின் எடையை டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்கும்: 50 கிலோ பால், டிஆர்சி 32 என்றால் 16 கிலோ. மூன்றையும் ஒரே ஃபைலுக்குக் கொண்டுவர வேண்டும். (கீழே ஷீட் என்று வருவதெல்லாம் எக்செல் ஷீட், கொடியில் உலர்த்துகிற ரப்பர் ஷீட் இல்லை.)

முதலில் மூன்று ஃபைலையும் நகலெடுத்து வேறு ஃபோல்டரில் வையுங்கள். மேக்ரோ செய்த மாற்றத்தை அன்டூ மீட்டுத் தராது.

1. புது ஃபைலைத் திறந்து, சேவ் ஆஸில் 'மேக்ரோ எனேபிள்டு ஒர்க்புக்' வகையாகச் சேமியுங்கள். சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலில் மேக்ரோ தங்காது. எச்சரிக்கை வரும், படிக்காமல் 'யெஸ்' அழுத்தினால் அவ்வளவுதான்.

2. பழைய ஃபைலையும் திறந்து ஆல்ட் + எஃப்11 அழுத்துங்கள். இடப்பக்கம் இரண்டு ஃபைலும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கன்ட்ரோல் + ஆர்.

3. ரெக்கார்டரில் பதிந்த மேக்ரோ இருக்கும் மாட்யூல் (மேக்ரோ எழுதியிருக்கும் பக்கம்) பெரும்பாலும் எல்லா ஃபைலிலும் 'மாட்யூல்1' என்றே இருக்கும். எஃப்4 அழுத்திப் பெயரை மாற்றுங்கள். பிறகு மாட்யூலைப் பிடித்துப் புது ஃபைலின் பெயர்மேல் இழுத்துவிடுங்கள். நகல்தான் போகும், பழையது அங்கேயே இருக்கும்.

வேறு கணினிக்கு என்றால் வலது கிளிக், 'எக்ஸ்போர்ட் ஃபைல்'. அங்கே போய் 'இம்போர்ட் ஃபைல்'. யூசர்ஃபார்ம் (மேக்ரோ திறக்கும் படிவம்) இருந்தால் எஃப்ஆர்எம், எஃப்ஆர்எக்ஸ் என இரண்டு ஃபைல் உருவாகும். இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.

ஷீட்டுக்குள்ளும் 'திஸ்ஒர்க்புக்' உள்ளேயும் எழுதிய கோடு (மேக்ரோவின் கட்டளை வரிகள்) இழுத்தால் வராது. அதைக் காப்பி செய்து, புது ஃபைலில் அதே இடத்தில் பேஸ்ட் செய்ய வேண்டும்.

மாற்றுவது பத்து நிமிட வேலை. தகராறு அதன்பிறகுதான்.

பட்டனோடு ஷீட்டை நகலெடுத்திருந்தால், பட்டன் பழைய ஃபைலின் மேக்ரோவையே கூப்பிடும். வலது கிளிக், 'அசைன் மேக்ரோ', புது ஃபைலில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். 'ஆம்பிகியூவஸ் நேம்' என்று பிழை வந்தால் ஒரே பெயரில் இரண்டு மேக்ரோ இருக்கிறது. ஒன்றின் பெயரை மாற்றுங்கள். கோடில் பழைய ஃபைலின் பெயர் எங்காவது நேரடியாக இருக்கிறதா என்று கன்ட்ரோல் + எஃப் போட்டுத் தேடுங்கள். அந்த ஃபைல் திறந்திராதபோது பிழை எண் 9 வரும்.

நம்மவர்களை அதிகம் படுத்துவது தமிழ்ப் பெயர்தான். விபிஏ எடிட்டருக்கு (ஆல்ட் + எஃப்11 அழுத்தினால் திறப்பது) தமிழ் எழுத்துக்கான யூனிகோடு தெரியாது. ஷீட்டுக்குப் 'பால்' என்று பெயர் வைத்தால், கோடில் அது வெறும் கேள்விக்குறிகளாக விழும். ஓட்டினால் அதே பிழை 9. ஷீட்டின் பெயரை மாற்றத் தேவையில்லை. எடிட்டரில் அந்த ஷீட்டைத் தேர்ந்தெடுத்து எஃப்4 அழுத்தினால் 'நேம்' இரண்டு முறை இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பது கோடுக்கான பெயர். அதை ஆங்கில எழுத்தில் வைத்து, கோடில் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் இந்தப் பெயர் அந்த ஃபைலுக்குள் மட்டுமே செல்லும். புது ஃபைலின் ஷீட்டுக்கும் அதையே வைக்காவிட்டால் மேக்ரோ நின்றுவிடும்.

எல்லாம் முடிந்ததும் 'டீபக்' மெனுவில் 'கம்பைல்' கொடுங்கள். பிழையுள்ள வரியில் போய் நிற்கும். 'டூல்ஸ்', 'ரெஃபரன்சஸ்' (மேக்ரோ நம்பியிருக்கும் வெளி நிரல்கள்) பட்டியலில் 'மிஸ்ஸிங்' என்று ஏதாவது இருந்தால் தேவைதானா என்று பார்த்து டிக்கை எடுங்கள்.

'பர்சனல்' ஒர்க்புக்கில் (எக்செல் திறக்கும்போது மறைவாகத் தானே திறக்கும் ஃபைல்) போட்டால் எல்லா ஃபைலிலும் ஓடுமே என்பார்கள். ஓடும், உங்கள் கணினியில் மட்டும். கணக்குப்பிள்ளையின் கணினிக்கு ஃபைல் போனால் மேக்ரோ கூடப் போகாது. கடைக் கணக்குக்கு அது சரிப்படாது.

ஒரு மாதக் கணக்கைப் புது ஃபைலில் ஓட்டி, பழையதோடு ஒத்துப்பாருங்கள். சரியாக இருந்தால் பழைய மாட்யூலை வலது கிளிக் செய்து 'ரிமூவ்' கொடுக்கலாம். எக்ஸ்போர்ட் செய்யவா என்று கேட்கும், 'யெஸ்' சொல்லுங்கள்.