ப்ளகினிடம் கணக்கை ஒப்படைக்காதீர்கள்: இணையதள அனலிட்டிக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இணையதளம் செய்து தரும் இளைஞர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். லாஸ்பேட்டையில் ஒரு சின்ன அறை, இரண்டு லேப்டாப், அவ்வளவுதான் முதலீடு. வேலை சுத்தமாகவே இருக்கிறது. ஆனால் தளத்துக்கு யார் வருகிறார்கள், வந்து என்ன செய்கிறார்கள் என்று கணக்கு வைக்கும் அனலிட்டிக்ஸ் மென்பொருளில் கை வைத்தால், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ட்ராக்கிங் கோடை (வருகையை எண்ணத் தளத்தில் சேர்க்கும் நிரல் வரிகளை) ஒட்ட மறப்பது, இரண்டு தடவை ஒட்டுவது, சோதனைத் தளத்தின் வருகையைச் சேர்த்து எண்ணுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரே வாரத்தில் கண்ணில் பட்டுவிடும், திருத்திக்கொள்ளலாம். ஒரு வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும் தவறுகள் சில உண்டு. அதற்குள் போன எண்கள் போனவைதான்.

ப்ளகின் பட்டியலைப் பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

“அண்ணா, மட்டோமோல எல்லாத்துக்கும் ப்ளகின் இருக்கு, அதையே போட்டுட்டேன்” என்று சொல்வார்கள். ப்ளகின் என்பது மென்பொருளோடு கூடுதலாகச் சேர்க்கும் துணைநிரல். மட்டோமோ நல்ல அனலிட்டிக்ஸ் மென்பொருள். பிவிக் என்ற பெயரில் 2007-இல் தொடங்கி 2018-இல் பெயர் மாறியது. நானும் பெரும்பாலும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் தேர்வு ப்ளகினில் தொடங்கக் கூடாது. கடைக்காரர் என்ன கேள்வி கேட்கப்போகிறார், அவருடைய ஹோஸ்டிங் எதைத் தாங்கும் என்ற இரண்டில் தொடங்க வேண்டும்.

மட்டோமோவுக்கு பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் போதும் என்பதால், பலர் பகிர்ந்துகொள்ளும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே ஓடும். ப்ளாசிபிள் என்ற இன்னொரு அனலிட்டிக்ஸ் மென்பொருளை நம் சர்வரில் வைக்க வேண்டுமென்றால் க்ளிக்ஹவுஸ் டேட்டாபேஸ் வேண்டும். இதே வகையைச் சேர்ந்த உமாமிக்கு, சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் வேண்டும். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் இவற்றைப் பெரும்பாலும் ஓட்ட முடியாது, விபிஎஸ் என்ற தனி மெய்நிகர் சர்வர் எடுக்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு வருகை எண்ணிக்கையும், அதிகம் படிக்கப்பட்ட பக்கங்களும் தெரிந்தால் போதும் என்றால், கோட்கவுன்ட்டர் போன்ற எளிய மென்பொருளே தாராளம். அவருக்கு ப்ளகின் எதற்கு?

கூகுள் அனலிட்டிக்ஸை எடுத்தால் நாளை செய்யலாம் என்று ஒரு வேலையைத் தள்ளிவைக்காதீர்கள். அதன் இப்போதைய பதிப்பான ஜிஏ4-இல் பயனர் அளவிலான தரவை வைத்திருக்கும் காலம் இயல்பாக 2 மாதம்தான். இலவசக் கணக்கில் அதை 14 மாதமாக உயர்த்தலாம், முதல் நாளே உயர்த்திவிடுங்கள். புதுச்சேரி விடுதிகளுக்கு டிசம்பர், ஜனவரிதான் பிழைப்பு. இந்த டிசம்பரைப் போன டிசம்பரோடு நுணுக்கமாக ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தால், இரண்டு மாதத் தரவை வைத்து என்ன செய்வது? கூகுளின் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-இல் கணக்கெடுப்பதை நிறுத்தியது, 2024 ஜூலை முதல் பழைய அறிக்கைகளையும் பார்க்க முடியாமல் போனது. ஒரு வருட அவகாசம் இருந்தும் எக்ஸெலில்கூட இறக்கி வைக்காதவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

தரவைப் பிடித்து வைக்கும் வேலையை ப்ளகினிடம் கொடுப்பது

இதைப் பற்றி நீளமாக எழுதத்தான் போகிறேன். இந்த ஒரு தவறை இன்னும் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்பவர் ஒருவர். இணையதளத்தில் விலை போட்டிருப்பார், ஆர்டர் எல்லாம் வாட்ஸ்ஆப்பில்தான். ஒவ்வொரு முந்திரி வகைக்கும் ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் வாட்ஸ்ஆப் பொத்தான். எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் அந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. நல்ல கேள்வி. முழு முந்திரியை எவ்வளவு உடைக்க வைப்பது, எவ்வளவு டப்பாவில் அடைப்பது என்பதுவரை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

தளம் செய்துகொடுத்த பையன் மட்டோமோ 4-ஐப் போட்டு, எங்கிருந்தோ ஒரு ப்ளகினைத் தேடிப்பிடித்துச் சேர்த்தான். பொத்தானை வரைவது, அழுத்தலை எண்ணுவது, அழகான வரைபடம் காட்டுவது எல்லாவற்றையும் அந்த ப்ளகினே செய்தது. எண்களை மட்டோமோவின் டேட்டாபேஸ் டேபிள்களில் எழுதாமல், தனக்கென்று ஒரு டேபிளை உருவாக்கி அதில் எழுதிக்கொண்டது. இரண்டு தீபாவளி அப்படியே போனது. எல்லோருக்கும் சந்தோஷம்.

2023 டிசம்பரில் மட்டோமோ 5 வந்தது. பெரிய பதிப்பு மாறும்போது, புதிய பதிப்புக்குப் பொருந்தாத ப்ளகின்களை மட்டோமோ அணைத்துவைத்துவிடும். எந்தப் பதிப்புக்குப் பொருந்தும் என்பது ஒவ்வொரு ப்ளகினோடும் வரும் விவரக் கோப்பான ஜேசன் கோப்பில் எழுதியிருக்கும். இந்த ப்ளகினில் 4-க்கு மேல், 5-க்குக் கீழ் என்று இருந்தது. எழுதியவர் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார். அப்டேட் முடிந்ததும் ப்ளகின் பட்டியலில் அது செயலிழந்து நின்றது. பையன் என்ன செய்தான்? வேலை செய்யாதது எதற்கு என்று அன்இன்ஸ்டாலை அழுத்திவிட்டான்.

ப்ளகினை அணைப்பது வேறு, அன்இன்ஸ்டால் செய்வது வேறு. அணைத்தால் கோடு ஓடாது, டேபிள் அப்படியே இருக்கும். அன்இன்ஸ்டால் செய்தால், ப்ளகின் எழுதியவர் வைத்த துப்புரவுக் கோடு ஓடும். தான் உருவாக்கிய டேபிளை அழித்துவிட்டுப் போவதுதான் நல்ல ப்ளகினின் இலக்கணம். அதுவும் அதைத்தான் செய்தது.

யாரும் கவனிக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு முன்னால் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, போன வருஷம் எந்தப் பக்கத்துலேர்ந்து ஜாஸ்தி பேரு வாட்ஸ்ஆப்புக்கு வந்தாங்கன்னு பாத்துச் சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி சரக்கு எடுக்கணும்.” டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். டேபிளே இல்லை. ஹோஸ்டிங் பேக்கப்பில் சில நாட்களுக்கு முந்தையது வரைதான் இருந்தது. பல மாதம் முன்பு அழிந்ததை எங்கே போய்த் தேடுவது? அந்த மனிதர் திட்டவில்லை. “சரி விடுங்க, குத்துமதிப்பா எடுத்துக்கறேன்” என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதில் கோபப்பட வைப்பது வேறு ஒன்று. இதற்கு ப்ளகினே தேவையில்லை. பொத்தான் அழுத்துவது போன்ற செயல்களை எண்ணும் ஈவென்ட் ட்ராக்கிங் மட்டோமோவிலேயே இருக்கிறது. ட்ராக்ஈவென்ட் என்று ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்டைப் பொத்தானில் சேர்த்தால் முடிந்தது. பிரிவு, செயல், பெயர், மதிப்பு என நான்கு இடம் அதில் உண்டு. முதல் இரண்டு கட்டாயம். பிரிவில் வாட்ஸ்ஆப், செயலில் அழுத்தல், பெயரில் முந்திரி அரை கிலோ என்று எழுதிவிடலாம். கடைசி இடமான மதிப்பில் எண்தான் போக வேண்டும், விலையைப் போட்டுக்கொள்ளலாம். இந்தத் தரவு மட்டோமோவின் சொந்த டேபிளில் உட்காரும். பதிப்பு மாறினாலும் அதையும் சேர்த்து மாற்றித் தருவது மட்டோமோவை உருவாக்குபவர்களின் பொறுப்பு.

ஈவென்ட்கூட வேண்டாம். வாட்ஸ்ஆப் பொத்தான் சாதாரண இணைப்பாக இருந்திருந்தாலே, மட்டோமோவின் வழக்கமான ட்ராக்கிங் கோடு அதை வெளித்தளத்துக்குப் போகும் இணைப்பு என்று தானாகவே எண்ணியிருக்கும். ப்ளகின் ஜாவாஸ்கிரிப்ட்டால் பொத்தானை வரைந்ததால் அந்தக் கணக்கும் இல்லாமல் போனது.

ப்ளகினே வேண்டாம் என்று சொல்லவில்லை. இருக்கும் தரவை வேறு விதமாகக் காட்டும் ப்ளகின், வேறு இடத்துக்கு அனுப்பும் ப்ளகின், உள்நுழைவைப் பலப்படுத்தும் ப்ளகின் எல்லாம் தாராளமாகப் போடலாம். அவை நின்றுபோனால் வசதி போகும், கணக்கு போகாது. தரவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ப்ளகினை நம்புவது வாடகை வீட்டில் கிணறு வெட்டுவதுதான்.

எனவே சேர்க்கும் முன் ஜிப் கோப்பைப் பிரித்துப் பாருங்கள். ஜேசன் கோப்பில் பதிப்பு எல்லை என்ன, கடைசி வெளியீடு எப்போது என்று பாருங்கள். அப்புறம் ப்ளகினின் பெயரிலேயே இருக்கும் முக்கிய பிஎச்பி கோப்பைத் திறந்து, இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் என்ற இரண்டு ஃபங்ஷன்களைத் தேடுங்கள். இன்ஸ்டாலில் புது டேபிள் உருவாகிறதென்றால் அந்த டேபிளின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். பதிப்பு மாற்றும் முன் பிஎச்பிமைஅட்மின் என்ற டேட்டாபேஸ் கருவியில் அதைத் தனியாக ஏற்றுமதி செய்யுங்கள். கோடு படிக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம், கால் மணி நேரம்கூட ஆகாது.

கஸ்டம் டைமென்ஷனில் “டெஸ்ட்” என்று பெயர் வைப்பது

கஸ்டம் டைமென்ஷன் என்பது நமக்கு வேண்டிய கூடுதல் விவரத்தைச் சேமிக்கும் இடம். மட்டோமோ 4 முதல் அது மைய மென்பொருளிலேயே இருக்கிறது, அதற்குத் தனி ப்ளகின் தேட வேண்டாம். இயல்பாக வருகைக்கு 5 இடம், செயலுக்கு 5 இடம். ஒன்றை உருவாக்கிவிட்டால் அழிக்க முடியாது, அணைத்து வைக்கத்தான் முடியும். விளையாட்டாக “டெஸ்ட்”, “டெஸ்ட்2” என்று போட்டு இடத்தைத் தீர்த்துவிட்டு வந்து நிற்கிறார்கள். பெயரை மாற்றி அதே இடத்தைப் பயன்படுத்தினால் பழைய குப்பையும் புதுக் கணக்கும் ஒரே அறிக்கையில் கலக்கும். சோதிக்க வேண்டுமென்றால் மட்டோமோவிலேயே தனியாக ஒரு தளத்தைச் சேர்த்து அதில் சோதியுங்கள்.

மையக் கோப்புகளைத் திருத்துவது

வேண்டாம். மட்டோமோவின் சொந்தக் கோப்புகளில் செய்யும் மாற்றம் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். மட்டோமோவின் கன்சோலில் (கட்டளை தட்டும் திரையில்) ஒரு கட்டளை போட்டால் காலி ப்ளகின் ஒன்று தயாராகக் கிடைக்கும், உங்கள் மாற்றத்தை அதில் எழுதுங்கள்.

க்ரான் வைக்காமல் ப்ளகின் மேல் ப்ளகின் அடுக்குவது

க்ரான் என்பது குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் சர்வர் வசதி. மட்டோமோவை அப்படியே விட்டால், யாராவது அறிக்கையைத் திறக்கும்போதுதான் கணக்கைக் கூட்ட ஆரம்பிக்கும். சின்னத் தளத்தில் அது தெரியாது. புதிய அறிக்கை தரும் ப்ளகின் ஒவ்வொன்றும் அந்தக் கூட்டலில் தன் பங்கைச் சேர்க்கும். வருகை கூடும் மாதத்தில் முதலாளி அறிக்கையைத் திறந்தால் வெள்ளைத் திரைதான் வரும், “உங்க சாஃப்ட்வேர் சரியில்லை” என்பார். க்ரானில், கணக்கைக் கூட்டிவைக்கும் ஆர்க்கைவ் கட்டளையை மணிக்கு ஒருமுறை ஓடவிட்டு, உலாவி வழியாகக் கூட்டுவதை அணைத்துவிடுங்கள்.

நேர மண்டலம்

முதல் நாளே கொல்கத்தா என்று வையுங்கள். யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் விட்டால் உங்கள் ‘நாள்’ காலை 5.30-க்குத் தொடங்கும். பிறகு மாற்றினாலும் பழைய நாட்களின் அறிக்கை மாறாது.

பிரெஞ்சு விருந்தினர் வரும் தளத்தில் ஐபி மறைப்பை எடுத்துவிடுவது

வெள்ளை நகரத்து விடுதிகள் பலவற்றுக்குப் பிரெஞ்சுப் பக்கமும் உண்டு, பிரான்சிலிருந்தே முன்பதிவு வருகிறது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குச் சேவை விற்றால், விடுதி புதுச்சேரியில் இருந்தாலும் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் நம்மையும் தொடும். பிரான்சின் தனியுரிமை ஆணையமான சிஎன்ஐஎல் 2022 பிப்ரவரியில், ஒரு பிரெஞ்சுத் தளம் கூகுள் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்திய விதம், தரவு அமெரிக்கா போவதால் சட்டத்துக்கு முரண் என்று சொன்னது. 2023 ஜூலையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் புதிய ஏற்பாட்டுக்கு வந்தன, நிலைமை மாறியது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் விஷயத்தில் குறைவாகச் சேமிப்பதுதான் நல்லது.

மட்டோமோ, பார்வையாளரின் இணைய இணைப்பைக் குறிக்கும் எண்ணான ஐபி முகவரியின் கடைசிப் பகுதியை மறைத்துத்தான் சேமிக்கும். ஏதோ ஒரு ப்ளகின் ஊரைச் சரியாகக் காட்டவில்லை என்று அந்த மறைப்பையே எடுத்துவிடுகிறார்கள். தேவையில்லை. இடம் கண்டுபிடிக்க முழு முகவரியைப் பயன்படுத்திவிட்டு, சேமிக்கும்போது மட்டும் மறைக்க அமைப்பிலேயே வழி இருக்கிறது. பார்வையாளரின் திரை அசைவைப் பதிவு செய்யும் ப்ளகினை முன்பதிவுப் பக்கத்தில் போடவே போடாதீர்கள். விருந்தினர் தன் விவரங்களை அங்கேதான் தட்டுகிறார்.

ஊர்ப் பட்டியலை நம்பி விளம்பரம் போடுவது

மொபைல் இணைப்பில் வருபவரின் ஐபி முகவரி, அவர் நிற்கும் இடத்தைக் காட்டாது, அலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பு வெளியே வரும் இடத்தைத்தான் காட்டும். மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் அறிக்கையில் சென்னைக்காரர் ஆகிவிடுவார். இதைப் பார்த்துவிட்டு, “நமக்கு கடலூர்ல ஆளே இல்லை” என்று உள்ளூர் விளம்பரத்தை நிறுத்தச் சொன்ன கடைக்காரரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். நாட்டின் பெயரை ஓரளவு நம்பலாம், ஊரை நம்ப முடியாது. இதற்காகக் காசு கொடுத்து வேறு இடம்காட்டி ப்ளகின் வாங்கினாலும் பெரிய வித்தியாசம் வராது, குறை ஐபியிலேயே இருக்கிறது.

அந்தக் கடைக்காரரின் ஆர்டர் நோட்டையே எடுத்து, முகவரியில் இருந்த பின்கோடுகளைக் கூட்டிப் பார்த்தோம். 607001-உம் அதைச் சுற்றியவையும்தான் அதிகம். அதற்குப் பிறகு ஆர்டர் படிவத்தில் பின்கோடைக் கட்டாயமாக்கி, அதன் முதல் மூன்று இலக்கத்தை மட்டும் ஈவென்ட்டின் பெயரில் அனுப்பும்படி வைத்தேன். உள்ளூர் விளம்பரத்துக்கான பணத்தை இப்போது அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்.