பழைய கணினியை ரவுட்டர் ஆக்கும்போது, திரும்பி வரும் வழியையும் பாருங்கள்

சும்மா கிடந்த ஒரு டெஸ்க்டாப்பைத்தான் நான் ரவுட்டர் ஆக்கினேன். 2 ஜிபி ராம், மானிட்டர் கிடையாது, விசிறி கொஞ்சம் கரகரக்கும். இரண்டு நெட்வொர்க்குக்கு நடுவில் பாக்கெட்டை (டேட்டாத் துண்டை) கைமாற்றிவிட அது தாராளம். போர்டிலேயே ஒரு லான் போர்ட் இருந்தது. இன்னொரு கார்டைச் செருகி, லினக்ஸ் போட்டேன்.

முதல் வேலை, ஸ்டிக்கர். எந்த போர்ட் ‘வெளி’, எது ‘உள்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். லினக்ஸ் வைக்கும் பெயர்கள் ஈஎன்பி3எஸ்0 என்கிற ரகம். அதை வைத்துப் பின்னால் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டு ‘ஐபி லிங்க்’ கமாண்டை ஓட்டினால், எது செத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து முகவரி. என் மோடம் இருப்பது 192.168.1.1. அந்தப் பக்கம் பார்க்கும் கார்டுக்கு 192.168.1.20, உள் கார்டுக்கு 192.168.10.1, இரண்டுக்கும் /24, அதாவது முதல் மூன்று எண்தான் நெட்வொர்க்கின் வரிசை. இரண்டு பக்கமும் ஒரே வரிசை இருக்கவே கூடாது. கேட்வே (வெளியே போகும் பாக்கெட்டை ஒப்படைக்கும் முகவரி, இங்கே மோடம்) வெளிக் கார்டில் மட்டும். உள் கார்டில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். அங்கேயும் ஒன்றைப் போட்டுவிட்டு அரை நாள் முழித்தவன் நான்.

இனி ஃபார்வர்டிங், ஒரு கார்டில் வந்ததை இன்னொரு கார்டில் அனுப்புவது. தன் முகவரிக்கு வராத பாக்கெட்டை லினக்ஸ் வழக்கமாகத் தூக்கிப் போட்டுவிடும். லினக்ஸின் மையமான கர்னலில் ‘ஐபி ஃபார்வர்ட்’ என்ற அமைப்பு 0 என்று இருக்கும். அதை 1 ஆக்கினால் போதும். ஆனால் ரீபூட் ஆனால் பழையபடி 0. அதனால் கர்னல் அமைப்புகளுக்கான சிஸ்கன்ட்ரோல் (sysctl) ஃபைலிலும் எழுதி வையுங்கள். நான் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்துக் கரண்ட் போய் வந்தபோது, என்ன செய்திருந்தோம் என்பதே மறந்து போயிருந்தது.

பலர் இதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். உள்ளே இருக்கும் லேப்டாப்பிலிருந்து (192.168.10.50) மோடத்துக்குப் பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பாக்கெட்) கொடுத்தேன், பதிலே இல்லை. ரவுட்டரின் வெளிக் கார்டில், போகும் வரும் பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டிப் பார்த்தால், கேள்வி மட்டும் வரிசையாக வெளியே போய்க்கொண்டிருந்தது. கோளாறு என் பெட்டியில் இல்லை. 192.168.10 வரிசை எங்கே இருக்கிறது என்று மோடத்துக்குத் தெரியாது. பதிலைத் தன் டீஃபால்ட் ரூட்டில் (வேறு வழி தெரியாதபோது போகும் வழி), இணையத்தின் பக்கமே அனுப்பிக்கொண்டிருந்தது.

இதற்கு இரண்டு தீர்வு. மோடத்தில் ஸ்டாட்டிக் ரூட் (நாமே எழுதி வைக்கும் வழி) போட முடிந்தால் போடுங்கள்: 192.168.10.0/24-க்குப் போக 192.168.1.20-ஐக் கேள். எனக்குப் பிடித்தது இதுதான். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது இரு பக்கமும் அப்படியே தெரியும். ஆனால் சில மோடம்கள் தன் சொந்த வரிசைக்கு மட்டும்தான் நாட் (உள் முகவரியை இணைய முகவரியாக மாற்றுவது) செய்யும். அப்போது மோடம் வரை பிங் போகும், இணையம் வராது.

அப்படியானால் மாஸ்கரேட்: பாக்கெட்டை ரவுட்டர் தன் சொந்த முகவரியில் அனுப்பும். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான என்எஃப்டேபிள்ஸில், போஸ்ட்ரூட்டிங் செயினில் (பாக்கெட் வெளியேறும் முன் பார்க்கும் விதிப் பட்டியல்) ஒரே விதி: வெளிக் கார்டு வழியாகப் போவதை மாஸ்கரேட் செய். கார்டின் பெயரை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உள்ளே வரும் இணைப்புகளும் முகமூடி போட்டுக்கொள்ளும். லாகில் எல்லாமே 192.168.10.1 என்றுதான் தெரியும்.

ஃபயர்வாலில் ஃபார்வர்ட் செயினின் (கடந்து போகும் பாக்கெட்டுக்கான பட்டியல்) பாலிசியை டிராப் என்று வையுங்கள், எந்த விதியும் அனுமதிக்காததைத் தூக்கிப் போட்டுவிடும். ஏற்கெனவே தொடங்கிய இணைப்பின் பாக்கெட்டுகளை விடு, உள்ளிருந்து வெளியே போவதை விடு. இந்த இரண்டு விதி போதும். இன்புட் செயினையும் (ரவுட்டருக்கே வரும் பாக்கெட்டுக்கான பட்டியல்) பூட்டுவதாக இருந்தால், உள்ளிருந்து எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வழி) வர முதலில் அனுமதி கொடுங்கள். நான் வரிசை மாற்றிச் செய்து, மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் புது விதி போடும் முன், ஐந்து நிமிடத்தில் எல்லா விதியையும் துடைத்துவிட ஒரு டைமர் வைத்துவிடுகிறேன்.

உள்ளே ஐபி கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க் என்கிற புரோகிராம் போதும். 192.168.10.100-லிருந்து 200 வரை கொடுத்தேன். உள் கார்டில் மட்டும் பேசச் சொல்லுங்கள், இல்லையென்றால் மோடத்தின் டிஹெச்சிபியோடு (ஐபி கொடுக்கும் சேவை) சண்டை வரும்.

சோதனையை லேப்டாப்பிலிருந்து படிப்படியாகச் செய்யுங்கள்: 192.168.10.1, அப்புறம் 192.168.1.20, மோடம், 8.8.8.8 (இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வர்), கடைசியில் ஒரு தளத்தின் பெயர். இதில் இரண்டாவது படி ஏமாற்றும். ஃபார்வர்டிங் அணைந்திருந்தாலும் வெளிக் கார்டின் முகவரி பதில் சொல்லும், அதுவும் அதே கணினியின் முகவரிதானே. மூன்றாவது படிதான் நிஜமான சோதனை. எண்ணுக்குப் பிங் போய், பெயருக்குப் போகவில்லை என்றால், பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்.

பிபிபிஓஇ இணைப்பை (யூசர்நேம், பாஸ்வேர்டோடு இணைய நிறுவனத்தில் சேரும் முறை) இந்தக் கணினியே எடுப்பதாக இருந்தால் இன்னொன்று. அங்கே எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) வழக்கமாக 1492 பைட், உள்ளே 1500. பிங் ஒழுங்காகப் போகும், சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கி நிற்கும். ஃபார்வர்ட் செயினில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் டேட்டாவின் உச்ச வரம்பு) அளவை ரூட்டின் எம்டியுவுக்கு ஏற்பக் குறைக்கும் விதி ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும்.