மலை நடையில் கடைசியாக வருபவர்

டிசம்பரில் வனத்துறை அனுமதியோடு தேனி மாவட்டத்துக் குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷன் பக்கம் ஏறினோம். அந்தக் காலத்தில் மூணாறுத் தேயிலையைக் கயிற்றுவழியில் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். இந்த ஸ்டேஷன் பெயர்கள் அந்தக் கயிற்றுவழியின் நிலையங்களால் வந்தவைதான். எட்டுப் பேர் கொண்ட குழு. முதல்முறையாக வழிநடத்திய தம்பி, பத்து வருடம் முன்பு நான் செய்த அதே தவறைச் செய்தான். ஷூவைப் பழக்குங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது, குழுவாகப் போகும்போது செய்யும் வேறு சில தவறுகள்.

கடைசி ஆள் வந்ததும் கிளம்புவது

ஏற்றத்தில் வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய்விடுவார்கள். பாறை நிழலில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்று, படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கால் மணி நேரம் கழித்துக் கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்வார். "சரி, எல்லாரும் வந்தாச்சு, போகலாம்" என்று வழிகாட்டி எழுந்துவிடுவார். களைக்காதவருக்குக் கால் மணி நேர ஓய்வு. களைத்தவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பத்து வருடம் முன்பு என் குழுவில் ஐம்பது வயது அக்கா ஒருவர் இருந்தார். நின்ற இடத்திலெல்லாம் "நீங்க போங்க தம்பி, நான் வந்துடறேன்" என்றார். நானும் நம்பினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது பார்த்தால், அவர் பாட்டிலில் தண்ணீர் கழுத்து வரை அப்படியே இருந்தது. நின்று குடிக்கக்கூட நான் நேரம் கொடுத்திருக்கவில்லை. இறக்கத்தில் முட்டி மடங்கிவிட்டது. இரண்டு பேர் தோள் கொடுக்க, காட்டுமாட்டுச் சாணி ஈரமாய்க் கிடந்த பாதையில் டார்ச் அடித்துக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்கு ஊர் சேர்ந்தோம். "என்னாலதான் எல்லாருக்கும் சிரமம்" என்று அவர் அழுதார். தவறு முழுக்க என்னுடையது.

இப்போது கடைசி ஆள் பையை இறக்கி, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கிச் சாதாரணமாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். அங்கிருந்து பத்து நிமிடம். கிளம்பும்போது அவர் எனக்குப் பின்னால், இரண்டாவது ஆளாக வருவார். அவர் நடைதான் குழுவின் நடை. வரிசையின் கடைசியில், பாதை தெரிந்த ஒருவர் விசிலோடு வருவார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதுவும் தெம்பானவர்கள் நிற்காமல் நடந்தால். நம் வெயிலுக்கும் கலவையான குழுவுக்கும் நான் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்கிறேன்.

மூடிய பாதையில் நுழைவது

2018 மார்ச் 11 அன்று இதே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல்லில் மேடேறும் தீயை மனிதர் ஓடி முந்த முடியாது. கோடையில் பாதை மூடப்பட்டால் போகாதீர்கள்.

அட்டையைப் பிடுங்குவது

காலில் ஒட்டிய அட்டையை இழுக்காமல், நகத்தை அதன் வாய்ப்பக்கம் கொடுத்து நெம்புங்கள், விட்டுவிடும்.

ஸ்பீக்கரில் பாட்டு

வேண்டாம்.

"முடியுமா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வது

எல்லோரும் முடியும் என்றுதான் சொல்வார்கள். பாட்டிலை வாங்கிப் பாருங்கள்.