எஸ்யு(2) குலத்தின் உருவகிப்புகளைக் கையால் கணக்கிடுதல்

தொடக்கக் கல்லூரியில் எச்2 ஃபர்தர் மேத்தமேட்டிக்ஸ் எடுத்தவர்களுக்கு ஐகன் மதிப்புகள் பழக்கமானவை என்பதால் அவற்றை இங்கே விளக்கப் போவதில்லை. வேலை முடிந்த மாலைகளில் ஜூரோங் வட்டார நூலகத்தில் அமர்ந்து நான் போட்டுப் பார்த்த ஒரு கணக்கை மட்டும் எழுதுகிறேன். குலத்தின் (உறுப்புகளைப் பெருக்கவும் நேர்மாறு எடுக்கவும் இயலும் கணத்தின்) ஒவ்வோர் உறுப்புக்கும், பெருக்கல் கெடாதவாறு, ஓர் அணியை ஒதுக்குவதே உருவகிப்பு. நம் குலம் எஸ்யு(2). அதாவது, அணிக்கோவை மதிப்பு 1 கொண்ட 2×2 யூனிட்டரி அணிகள் (நிரல் மாற்றிச் சிக்கலெண் இணை எடுத்தால் நேர்மாறு கிடைக்கும் அணிகள்).

முதல் படியாக, முற்றொருமை அணியின் அருகே வகையிட்டு லீ இயற்கணிதத்துக்கு, அதாவது அங்கிருந்து குலத்துக்குள் நகரக்கூடிய திசைகளின் வெளிக்கு, இறங்குங்கள். சுவடு (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை) 0 ஆக உள்ள எதிர்-ஹெர்மிட்டியன் அணிகள் (நிரல் மாற்றி இணை எடுத்தால் தம் எதிர்மறை ஆகும் அணிகள்) கிடைக்கும். மெய்யெண் பரிமாணம் 3.

இரண்டாம் படியில்தான் நான் இரண்டு வாரம் நின்றுவிட்டேன். எல்லாரும் மூலைவிட்டத்தில் 1, −1 கொண்ட எச் என்ற அணியை எடுத்து வேலையைத் தொடங்குகிறார்கள். ஆனால் எச் ஹெர்மிட்டியன் அணி (நிரல் மாற்றி இணை எடுத்தாலும் மாறாதது), ஆகவே அது நம் இயற்கணிதத்தில் இல்லவே இல்லை. கற்பனை அலகால் பெருக்கிய எச் மட்டுமே அதில் உண்டு. சுவடு 0 ஆன எந்தச் சிக்கலெண் அணியையும், ஓர் எதிர்-ஹெர்மிட்டியன் அணியோடு கற்பனை அலகால் பெருக்கிய இன்னோர் எதிர்-ஹெர்மிட்டியன் அணியைக் கூட்டியதாக, ஒரே ஒரு விதமாகப் பிரிக்கலாம் என்பதைக் கையால் சரிபார்த்த பிறகே எனக்குத் தெளிவு வந்தது. உருவகிப்பு செயல்படும் வெளி சிக்கலெண் வெளியாக இருப்பதால், அது இந்தப் பெரிய இயற்கணிதத்துக்கும் ஒரே விதமாக நீள்கிறது, எதுவும் இழக்கப்படுவதில்லை.

மூன்றாம் படியில் க, ச என்ற இரு மாறிகளில் 2 படியுள்ள சமபடித்தான பல்லுறுப்புக்கோவைகளை எடுங்கள்: க², கச, ச². 'ச-வால் வகையிட்டு க-வால் பெருக்கு' என்பது ஏற்றி. க-வும் ச-வும் இடம் மாறினால் இறக்கி. ஏற்றி ச²-ஐ 2கச ஆக்குகிறது, கச-வை க² ஆக்குகிறது, க²-ஐ 0 ஆக்குகிறது. எச் இங்கே க-வின் அடுக்கிலிருந்து ச-வின் அடுக்கைக் கழித்த எண்ணால் பெருக்குகிறது; அது இவற்றுக்குத் தரும் ஐகன் மதிப்புகள், அதாவது எடைகள், 2, 0, −2. பல்லுறுப்புக்கோவையின் படி பொதுவாக என் (n) ஆனால் எடைகள் என், என்−2 என இறங்கி −என் வரை செல்லும், பரிமாணம் என்+1. ஏற்றியால் உச்சிக்குப் போய் இறக்கியால் எல்லாவற்றையும் மீட்க முடிவதால், இந்த வெளி மேலும் பிரியாது.

இதற்குக் கட்டம் போட்ட பயிற்சித் தாளும் பென்சிலுமே சிறந்தவை என்பது என் உறுதியான கருத்து. பைத்தான் நிரல்மொழியின் சிம்பை என்ற கணித நிரல் நூலகத்தை விடை சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். எடைகள் ஏணிபோல் இறங்குவதைக் கையால் எழுதும்போதுதான் அடுத்த படி தானாகப் புலப்படும்.

அந்தப் படி டென்சர் பெருக்கல், அதாவது இரண்டு உருவகிப்புகளின் வெளிகளை இணைத்து ஒரே பெரிய வெளி ஆக்குதல். என் = 2, என் = 1 ஆகியவற்றைப் பெருக்கினால் எடைகள் கூடி 3, 1, 1, −1, −1, −3 வரும். உச்ச எடை 3-இன் ஏணியை நீக்குங்கள். 1, −1 மிஞ்சும். ஆக 6 = 4 + 2. இப்படித் துண்டுகளாக உடையும் என்ற உறுதியைத் தருவது குலத்தின் கச்சிதத்தன்மை (மூடியதாகவும் எல்லைக்குட்பட்டதாகவும் இருத்தல்): உட்பெருக்கத்தைக் குலம் முழுவதும் சராசரி எடுத்தால், உருவகிப்பின் அணிகள் எல்லாமே யூனிட்டரி ஆகின்றன. கணிதவியலாளர் ஹெர்மன் வெய்ல் 1925–26இல் இந்த வழியைக் கச்சிதக் குலங்களின் ஒரு பெரிய வகைக்கு விரித்தார். கச்சிதமற்ற மெய்யெண் கூட்டல் குலத்தில், ஒவ்வோர் எண்ணுக்கும், மூலைவிட்டத்தில் 1, 1, மேல் வலது மூலையில் அந்த எண், மற்ற இடத்தில் 0 கொண்ட அணியை ஒதுக்கும் உருவகிப்பு அப்படி உடைவதில்லை.

பின்சேர்க்கை: இதே விடை முப்பரிமாணச் சுழற்சிகளின் குலமான எஸ்ஓ(3)-க்கும் பொருந்துமா என்று வாசகர்கள் சிலர் கேட்டார்கள். இரண்டின் லீ இயற்கணிதங்களும் ஒன்றே என்பதால் பொருந்தும் என்று நானும் முதலில் எண்ணினேன். ஆனால் 360 பாகைச் சுழற்சியை எஸ்யு(2)-இல் தொடர்ந்து சென்றால் முற்றொருமை அணியில் அல்ல, அதன் எதிர்மறையில் போய் நிற்கிறோம். அது நம் வெளியில் −1-இன் என் அடுக்காகச் செயல்படுகிறது. எனவே என் இரட்டைப்படையானால் மட்டுமே எஸ்ஓ(3)-இன் உருவகிப்பு கிடைக்கும். என் = 2 சாதாரண முப்பரிமாணச் சுழற்சியேதான்; எலக்ட்ரானின் 1/2 தற்சுழற்சிக்குரிய (ஸ்பின்) என் = 1 எஸ்யு(2)-க்கு மட்டுமே உரியது.