க்னூகேஷ் புதுப்பித்த பிறகு வீட்டுக் கணக்கு உதைக்கிறதா? படிப்படியாகச் சரிபார்க்கும் முறை

கணக்கு எழுதும் மென்பொருளான க்னூகேஷின் புதிய பதிப்பை நிறுவிவிட்டு ஆவலோடு திறந்து பார்த்தால் கணக்கு உதைக்கிறது. வங்கி மீதி வேறாகத் தெரிகிறது. போன வருடம் முடிந்த சீட்டின் கணக்கைக் காணவில்லை. ஏப்ரலில் தொடங்க வேண்டிய வரவு செலவு அறிக்கை ஜனவரியிலிருந்து தொடங்குகிறது. காட்பாடியில் மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்கள், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் சம்பளம் வாங்குகிறவர்கள், ஒடுகத்தூர்ப் பக்கம் மணிலா (வேர்க்கடலை) பயிரிட்டு விற்கிறவர்கள் என்று க்னூகேஷில் வீட்டுக் கணக்கு எழுதும் பலர் இந்தப் புகாரோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையை அப்படியே இங்கே எழுதுகிறேன். கணினி அதிகம் தெரியாதவர்களும் செய்யலாம்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் பதிவுகள் எங்கும் போயிருக்காது. அவற்றைக் காட்டும் விதம் மட்டும் மாறியிருக்கும். ஆகவே, இடிக்கும் தொகைக்கு ஈடாக ஒரு பதிவு போட்டுக் கணக்கை நேராக்க முயலாதீர்கள். ரூ. 3,200 குறைகிறது என்று 'இதர வரவு' என ஒரு வரி எழுதிவிட்டால், உண்மையான காரணம் பிறகு தெரிந்து அதைத் திருத்தும்போது அதே 3,200 மறுபக்கம் இடிக்கும். வங்கிக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் ரிகன்சைல் சாளரத்தில் 'பேலன்ஸ்' என்றொரு பொத்தானும் இருக்கிறது. ஈடுகட்டும் பதிவைப் போடுவதுதான் அதன் வேலை. காரணம் தெரியும்வரை அதன் பக்கமே போகாதீர்கள்.

முதல் படி: மூடுங்கள், நகலெடுங்கள்

ஏதோ தவறு என்று தெரிந்த உடனே மென்பொருளை மூடிவிடுங்கள். சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படியே திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதும் கூடாது. தானாகச் சேமிக்கும் வசதி இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை வேலை செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து, கணக்குக் கோப்பு இருக்கும் கோப்புறையைத் திறங்கள். உங்கள் கோப்பின் பெயரோடு நீளமான எண் ஒட்டிக்கொண்ட கோப்புகள் பல அங்கே இருக்கும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய நிலையை மென்பொருளே எடுத்து வைத்த காப்பு நகல்கள் அவை. எண்ணைப் படிப்பது எளிது. 20240402191530 என்றிருந்தால் முதல் 4 இலக்கம் ஆண்டு, பிறகு மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி. அதாவது 2024 ஏப்ரல் 2, இரவு 7 மணி 15 நிமிடம். நீங்கள் புதுப்பித்த நாளுக்கு முந்தைய கடைசி நகல் எது என்று இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்தக் கோப்புறை முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். 30 நாளைக்கு மேற்பட்ட காப்பு நகல்களை மென்பொருள் தானே நீக்கிவிடும். இயல்பான அமைப்பு அப்படி. புதுப்பித்து இரண்டு மாதம் கழித்துப் பிழையைக் கவனிக்கிறவருக்குப் பழைய நகல் மிஞ்சியிருக்காது. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவில் கணக்கைச் சேமிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு மாற்றமும் அந்த நொடியே பதிவாகிவிடும். சேமிக்காமல் மூடித் தப்பிக்க வழியில்லை.

இரண்டாம் படி: கோப்பே திறக்கவில்லை என்றால்

புதிய பதிப்பு சில சமயம் உங்கள் கோப்பை எடுக்காமல், புதுக் கணக்கு தொடங்கும்படி ஒரு சாளரத்தைக் காட்டும். பதற வேண்டாம். அதை ரத்துசெய்துவிட்டு, ஃபைல் மெனுவில் ஓப்பன் என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் கோப்பை நீங்களே காட்டுங்கள்.

கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தி வந்தால், கடைசியாக அது ஒழுங்காக மூடப்படவில்லை என்று பொருள். வேலை செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் இப்படித்தான் ஆகும். எல்சிகே என்று முடியும் சிறு கோப்பு ஒன்று அழியாமல் கிடப்பதே காரணம். வேறு கணினியில் யாரும் அந்தக் கணக்கைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 'ஓப்பன் எனிவே' என்பதை அழுத்தலாம். பெங்களூரில் இருக்கும் மகனும் வேலூரில் இருக்கும் அப்பாவும் ஒரே கோப்பைப் பகிர்ந்து எழுதும் வீடாக இருந்தால், தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழுத்துங்கள்.

மிகப் பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவலாக வந்தவர்களுக்கு வேறு சிக்கல். 5.0 பதிப்பு 2023 மார்ச்சில் வெளியானது. 2.6 வரிசையில் எழுதிக்கொண்டிருந்தவர் நேராக 5க்குப் போகாமல், 3 வரிசையின் கடைசிப் பதிப்பிலும் பிறகு 4 வரிசையின் கடைசிப் பதிப்பிலும் கோப்பைத் திறந்து, சேமித்து, அதன் பிறகே 5க்கு வருவது பாதுகாப்பானது. சலிப்பான வேலைதான். பத்து வருடக் கணக்கு வைத்திருப்பவர்கள் பொறுமையாகச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: மறைந்திருக்கிறதா, இல்லாமலே போய்விட்டதா?

முடிந்த சீட்டு, அடைத்துவிட்ட நகைக்கடன் போன்றவற்றின் மீதி சுழியம்தானே. வியூ மெனுவில் ஃபில்டர் பை என்பதைத் திறந்து பாருங்கள். மறைத்த கணக்குகளையும் சுழிய மீதிக் கணக்குகளையும் காட்டு என்ற தேர்வுகளை இயக்கினால், காணாமல் போனவை திரும்பி வந்து நிற்கும். ஒரு கணக்கின் உள்ளே பழைய வரிகள் தெரியவில்லை என்றாலும் இதே மெனுதான். அங்கே தேதி வரம்பு குறுகியிருக்கும். எல்லாவற்றையும் காட்டும்படி மாற்றுங்கள்.

மீதித்தொகை வேறாகத் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது எந்தப் பத்தி என்று கவனியுங்கள். 'டோட்டல்' என்ற பத்தி வருங்காலத் தேதியிட்ட பதிவுகளையும் சேர்த்தே கூட்டும். 'பிரசன்ட்' என்ற பத்தி இன்றுவரை உள்ளதை மட்டும் காட்டும். அடுத்த மாதக் கடன் தவணையை முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தால் இரண்டும் வேறுபடத்தான் செய்யும். பாஸ்புக்கோடு ஒப்பிட வேண்டியது 'பிரசன்ட்' பத்தியை. அது தெரியாவிட்டால், பத்திகளின் தலைப்பு வரிசையில் வலக்கோடியில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்திச் சேர்த்துக்கொள்ளலாம்.

வரவு செலவு அறிக்கை ஜனவரியில் தொடங்கினால் அது அமைப்பு சார்ந்த விஷயம். எடிட் மெனுவில் ப்ரிஃபரன்சஸ், அதில் அக்கவுன்டிங் பீரியட். தொடக்கம் ஏப்ரல் 1, முடிவு மார்ச் 31 என்று வைத்துவிடுங்கள்.

நான்காம் படி: தேதி புரண்டிருக்கிறதா?

இந்தப் படியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் வங்கிகளின் அறிக்கையில் 05/04/2024 என்றால் ஏப்ரல் 5. அமெரிக்க முறையில் அது மே 4. அறிக்கையைச் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வரிகள் கொண்ட உரைக் கோப்பு) உள்ளே எடுக்கும்போது, அதாவது இறக்குமதி செய்யும்போது, தேதி எந்த வரிசையில் இருக்கிறது என்பதை நீங்கள்தான் குறிப்பிட வேண்டும். பழைய பதிப்பில் ஒருமுறை செய்து வைத்த தேர்வு புதியதிலும் அப்படியே இருக்கும் என்று நம்பி, முன்னோட்டத்தைப் பார்க்காமல் அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போனால் வம்பு வந்து சேரும்.

சத்துவாச்சாரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், காட்பாடி வீட்டின் வாடகை வரவைக் க்னூகேஷில் எழுதிவருகிறார். "தம்பி, ஏப்ரல் வாடகை வரவில்லை என்கிறது, ஆனால் பாஸ்புக்கில் இருக்கிறதே" என்று அழைத்தார். "ஐயா, மே 4ஆம் தேதியைப் பாருங்கள்" என்றேன். வாடகை அங்கே உட்கார்ந்திருந்தது. ஏப்ரல் 8ஆம் தேதி கட்டிய மின்கட்டணம் ஆகஸ்ட் 4இல் இருந்தது. ஏப்ரல் 11ஆம் தேதி ஏடிஎம்மில் எடுத்த பணம் நவம்பர் 4இல் இருந்தது. ஏப்ரல் மாதத்துப் பதிவுகள் இப்படிப் புரளும்போது, எல்லாமே வெவ்வேறு மாதங்களின் 4ஆம் தேதியில் போய் விழும். ஜூன் மாதத்தவை 6ஆம் தேதிகளில் விழும். ஏப்ரல் 4ஆம் தேதிப் பதிவு மட்டும் புரட்டினாலும் மாறாது. எனவே அது சரியாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஒரே எண் தேதியில் பதிவுகள் மாதாமாதம் சிதறிக் கிடந்தால் நோய் இதுதான்.

13ஆம் தேதியும் அதற்குப் பிந்தியவையும் அமெரிக்க முறையில் செல்லாது. ஆகவே முன்னோட்டத்திலேயே பிழை காட்டும். ஆனால் மாதத்தின் முதல் 12 நாள்களுக்குள் அடங்கும் அறிக்கையை எடுத்தால் ஒரு பிழையும் காட்டாமல் எல்லாம் உள்ளே போய்விடும். தலைமையாசிரியர் எடுத்தது அப்படிப்பட்ட அறிக்கைதான். புரண்ட பதிவுகளில் சில வருங்காலத் தேதிக்குப் போயிருந்ததால் 'டோட்டல்' சரியாகவும் 'பிரசன்ட்' தவறாகவும் காட்டிக் குழப்பத்தை இரட்டிப்பாக்கியது.

சரிசெய்வதற்கு, அந்த இறக்குமதியில் வந்த பதிவுகளை நீக்கிவிட்டு, தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்று தேர்ந்தெடுத்து மீண்டும் எடுங்கள். சில வரிகள்தான் என்றால் கையாலேயே தேதியைத் திருத்தலாம். தொகைகளையும் முன்னோட்டத்தில் ஒருமுறை பாருங்கள். 1,25,000.00 என்ற நம் வழக்கப்படியான தொகை சரியான எண்ணாக வாசிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு பெரிய தொகையை வைத்துச் சோதித்தால் போதும்.

முன்பெல்லாம் வங்கி வரியைப் பார்த்ததுமே 'மளிகை', 'மருந்து' என்று தானே இனம் பிரித்த மென்பொருள், இப்போது எதுவும் தெரியாததுபோல் நின்றால் அது பழகிய பழக்கத்தை மறந்திருக்கிறது. முதல் இறக்குமதியில் நீங்களே ஒவ்வொன்றாகக் கணக்கைக் காட்டிக் கொடுங்கள். அடுத்தடுத்த முறைகளில் அது மீண்டும் கற்றுக்கொள்ளும்.

ஐந்தாம் படி: செக் அண்ட் ரிப்பேர்

ஆக்‌ஷன்ஸ் மெனுவில், பதிவுகளில் உள்ள கோளாறுகளைத் தேடிச் சரிசெய்யும் செக் அண்ட் ரிப்பேர் இருக்கிறது. பென்டிரைவில் நகல் பத்திரமாக இருக்கும்போது மட்டும் அதை எல்லாக் கணக்குகளுக்கும் இயக்குங்கள். முடிந்ததும் இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர் (ஐஎன்ஆர் என்பது இந்திய ரூபாய்) என்று ஒரு கணக்கு புதிதாக முளைக்கலாம். பயப்பட வேண்டியதில்லை. க்னூகேஷ் இரட்டைப் பதிவு முறையில் இயங்குவதால், ஒரு பக்கம் பணம் போனால் மறுபக்கம் எங்கே வந்தது என்று சொல்லியாக வேண்டும். மறுபக்கம் சொல்லாமல் விட்ட பதிவுகளையெல்லாம் இந்தக் கணக்கில் கொண்டுவந்து வைக்கும்.

அந்தக் கணக்கை நீக்க நினைக்காதீர்கள். திறந்து, ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். வங்கியிலிருந்து ரூ. 1,860 போயிருக்கிறது, எதற்கென்று இல்லை. தேதியைப் பார்த்தால் மின்கட்டணம் கட்டிய நாள். அந்த வரியில் இம்பேலன்ஸ் என்றிருக்கும் இடத்தில் மின்கட்டணக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் இப்படி இடம் மாற்றிக்கொண்டே வந்தால் அதன் மீதி சுழியமாகிவிடும். இதில் அவசரம் காட்டாதீர்கள். நினைவுக்கு வராததை வீட்டில் கேட்டு எழுதுங்கள். யாருக்குக் கொடுத்த மொய் என்பது உங்களைவிட வீட்டு அம்மாவுக்குத்தான் தெரிந்திருக்கும்.

சில சின்னச் சிக்கல்கள்

மியூச்சுவல் ஃபண்ட் விலை புதுப்பிக்கப்படாமல் நின்றுவிட்டால், விலையைக் கொண்டுவரும் ஃபைனான்ஸ் கோட் என்ற துணைநிரல் தனியானது என்பதை நினைவில் கொள்ளுங்கள். விண்டோஸில் க்னூகேஷோடு வரும் அதன் நிறுவியை மறுபடி ஒருமுறை இயக்க வேண்டும்.

ரூபாய்க் குறியீடு கட்டமாகத் தெரிந்தால் எழுத்துருவை மாற்றினால் சரியாகும். பழைய தட்டச்சு எழுத்துருக்களில் அடித்து ஒட்டிய தமிழ்க் கணக்குப் பெயர்கள் கிறுக்கல்களாகத் தெரிந்தால், அந்தப் பெயர்களை யூனிகோட் தமிழில் மறுபடி தட்டச்சு செய்யுங்கள். பெயரை மாற்றுவதால் உள்ளே இருக்கும் பதிவுகளுக்கு எதுவும் ஆகாது.

எதுவும் பலிக்காவிட்டால்

பழைய பதிப்புக்குத் திரும்பலாம். புதியதை நீக்கி, முன்பு இருந்த அதே பதிப்பை நிறுவி, பென்டிரைவில் இருக்கும் புதுப்பிப்புக்கு முந்தைய நகலை அதில் திறங்கள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைத் திறக்காதீர்கள். அதற்குப் பிறகு எழுதிய பதிவுகள் இந்த நகலில் இருக்காது. அவற்றைப் புதிய பதிப்பிலிருந்து முன்பே ஒரு தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டு, பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக மீண்டும் எழுதுங்கள். கடைசியாக ரிகன்சைல் சாளரத்தில் பாஸ்புக்கின் கடைசி மீதியை உள்ளிட்டு, வித்தியாசம் சுழியம் என்று காட்டிய பிறகு அன்றைய தேதியோடு ஒரு நகலை அதே பென்டிரைவில் சேர்த்துவிடுங்கள்.